எத்தனை விசில் ஆச்சி? அடுப்படி கேள்வி பதில்

போன இதழ்ல குக்கர் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்தா ஊர்ல பாதிப் பேருக்கு குக்கர் மேல ஏதோ ஒரு கோவம் இருக்கும் போல. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன். பேரு போட வேணாம்னு நெறைய பேர் கேட்டதால ஊர் மட்டும்.

புதுவயல் வாசகி: ஆச்சி, வர்ற தையில மகளுக்கு கல்யாணம். சாமான் லிஸ்ட்டுல எல்லாம் முடிஞ்சிருச்சு, குக்கர் மட்டும் நிக்குது. எங்க ஆத்தா ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழரைன்னு வரிசையா வைக்கணும், அப்பத்தான் சாமான் பரப்பும்போது லட்சணமா இருக்கும்னு சொல்றாக. மகளோ சென்னையில ரெண்டு ரூம் வீட்டுல இதை எங்க அடுக்கன்னு சண்டை போடுறா. அலுமினியமா எவர்சில்வரா, உள்மூடியா வெளிமூடியா? அவ வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கு.

பதில்: ஆத்தா மனசு நோகாம சொல்லணும்னா, வரிசையா பரப்புறதுக்குத்தான் எவர்சில்வர் தூக்கு, பித்தளை அண்டா, வெங்கலப் பானை எல்லாம் இருக்கே, குக்கரை ஏன் அதுல சேக்கணும். பரண்ல ஏறின குக்கரோட ரப்பர் அஞ்சு வருஷம் கழிச்சு இறக்கும்போது வெறச்சுப் போயிருக்கும், அப்புறம் புதுசா இருந்தும் பழசு.

ரெண்டு பேருக்கு மூணு லிட்டர் ஒண்ணு, நாலு பேர் வந்தா போனா சமாளிக்க அஞ்சு லிட்டர் ஒண்ணு, இது போதும். லிட்டர்னு அவங்க போட்டிருக்கிறது குக்கரோட முழுக் கொள்ளளவு. நாம மூணுல ரெண்டு பங்குக்கு மேல ரொப்பக்கூடாது, பருப்பு அரிசி மாதிரி பொங்குற சாமான்னா பாதி தான். அப்போ மூணு லிட்டர்ங்கறது பருப்புக்கு ஒன்றரை லிட்டர் தான்னு கணக்கு வச்சுக்கங்க, தண்ணியோட சேத்து.

எவர்சில்வரா அலுமினியமான்னா, இண்டக்‌ஷன் இருக்குன்னு சொன்னதாலயே பாதி முடிவாயிருச்சு. வெறும் அலுமினியம் இண்டக்‌ஷன்ல சூடாகாது, அடியில காந்தம் புடிக்கிற தகடு வச்சு செஞ்சிருந்தா தான் ஆகும். கடைக்குப் போறப்ப ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை ஒண்ணு பிச்சு பையில போட்டுக்கிட்டுப் போங்க, குக்கரை கவுத்து அடியில வச்சுப் பாருங்க, கப்புனு புடிச்சா சரி. கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும். எவர்சில்வர் வாங்கினா அடி கனமா, நடுவுல அலுமினியத் தகடு வச்ச சாண்ட்விச் அடியா இல்ல மூணு அடுக்கு ட்ரைப்ளையான்னு கேளுங்க, ஏன்னா எவர்சில்வர் தனியா சூட்டை சீரா பரப்பாது, நடுவுல மட்டும் சுட்டு பொங்கல் அடி புடிச்சிரும். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், வெலை கம்மி, எடையும் கம்மி, ஆனா புளி, தக்காளி அதுல வச்சா அரிக்கும்.

அந்தக் கருப்பு குக்கர் இருக்கு பாருங்க, ஹார்ட் அனோடைஸ்டு, அது பெயிண்ட் இல்ல. அலுமினியத்தை ஆசிட் தொட்டியில முக்கி கரண்ட் விட்டு மேல இருக்கிற ஆக்சைடு படலத்தையே கெட்டியா வளத்து எடுக்குறது. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி சமாச்சாரம், நம்ம காரைக்குடி சிக்ரில ஆராய்ச்சி பண்றாங்களே அந்தத் துறை தான். புளி, தக்காளியை சாதா அலுமினியத்தை விட நல்லாவே தாங்கும், ஆனா இரும்பு நார் போட்டு வறட்டு வறட்டுன்னு தேச்சா படலம் போயிரும்.

உள்மூடி, ஹாக்கின்ஸ்ல வர்ற மாதிரி, உள்ள பிரஷர் இருக்கும்போது மூடியை ஆவியே மேல தள்ளி விளிம்போட அழுத்திப் புடிச்சுக்கும், பிரஷர் இறங்காம தெறக்கவே வராது. அவசரக்காரப் பொண்ணுன்னா அது நல்லது. வெளிமூடி, பிரெஸ்டீஜ்ல பழகின மாதிரி, வாய் அகலம், அடுக்கு வச்சு சோறு, பருப்பு, காய்னு ஒரே வைப்புல முடிக்கலாம். வேலைக்குப் போற பொண்ணுக்கு அஞ்சு லிட்டர் வெளிமூடி, மூணு லிட்டர் உள்மூடின்னு குடுத்தா ரெண்டும் கைக்கு வரும்.

எதை வாங்கினாலும் அடியிலயோ பக்கத்துலயோ ஐஎஸ்ஐ முத்திரை, அதோட ஐஎஸ் 2347ங்கற நம்பர், சிஎம்/எல்னு தொடங்குற லைசென்ஸ் நம்பர் மூணும் இருக்கான்னு பாருங்க. 2021 பிப்ரவரிலேர்ந்து வீட்டு குக்கர் எல்லாத்துக்கும் இது கட்டாயம். பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அந்த லைசென்ஸ் நம்பரை அதுல அடிச்சா எந்தக் கம்பெனிக்கு குடுத்ததுன்னு வந்துரும், கடையிலயே நின்னு பாத்துரலாம். ஆன்லைன்ல பாதி வெலைக்கு வர்ற பேர் தெரியாத குக்கர் சாமான் பரப்புறப்ப மின்னும், அவ்ளோதான்.

அப்புறம் ஒண்ணு, முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடையில பித்தளை, பீங்கான் எல்லாம் தேடி வாங்குங்க, தப்பே இல்ல, பழைய குக்கர் மட்டும் வாங்காதீங்க.

கோட்டையூர் வாசகி: துவரம்பருப்புக்கு எங்க மாமியார் அஞ்சு விசில்ங்கறாக, யூடியூப்ல மூணு சொல்றாங்க, எங்க அம்மா ஏழு விடுவாக. எதைக் கேக்குறது? சோறு, கறிக்கும் சேத்து ஒரு விசில் கணக்கு போட்டுக் குடுங்க ஆச்சி, ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சுக்கிறேன்.

பதில்: விசில் கணக்கு குடுக்க மாட்டேன் தாயி. ஏன்னு சொல்லிடுறேன், அப்புறம் மூணு பேரையும் நீங்களே சமாதானம் பண்ணிரலாம்.

குக்கர் மேல இருக்கிற வெயிட் எதுக்குன்னா, உள்ள ஆவி சேந்து ஒரு அளவு அழுத்தம் வந்தா தூக்கி மிச்சத்தை வெளிய விட. நம்ம ஊர் குக்கர்ல அது பொதுவா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 கிட்ட போயி கொதிக்கும், அந்த 20 டிகிரி தான் குக்கரோட மொத்த வித்தையும். வெயிட் ஒரு தடவை தூக்கிருச்சுன்னா உள்ள போக வேண்டிய சூடு போயிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல நீங்க அடுப்பை எவ்ளோ பெருசா எரிய விட்டாலும் உள்ள சூடு ஏறாது, கூடுதல் கேஸ் எல்லாம் ஆவியா வெளிய போயி அடுப்படி சன்னல்ல வேர்க்கும்.

அதனால விசில் எண்ணிக்கை அடுப்போட எண்ணிக்கை தான், பருப்போடது இல்ல. பெரிய பர்னர்ல ஃபுல்லா வச்சா பத்து நிமிஷத்துல எட்டு விசில் வரலாம், அதே பருப்பை சிம்ல வச்சா ரெண்டு வரலாம், பருப்பு வெந்தது ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பஸ் எத்தனை தடவை ஹாரன் அடிச்சதுன்னு எண்ணி மதுரை வந்துருச்சான்னு சொல்ல முடியுமா? மாமியார் வீட்டு அடுப்பு வேற, அம்மா வீட்டு அடுப்பு வேற, அந்த யூடியூப் பொண்ணு எந்த அடுப்புல வைக்கிறாளோ. ரப்பர் லேசா ஆவி விட்டாலே ரெண்டு விசில் கொறையும்.

என்ன பண்ணணும்னா, பெரிய தீயில வைங்க, மொத விசில் வந்ததும் சிம்ல போடுங்க, அங்கேர்ந்து நிமிஷம் எண்ணுங்க. வெயிட் லேசா முணுமுணுத்துக்கிட்டு, எப்பவாவது ஒரு தடவை தூக்கினா அதுதான் சரியான தீ. சத்தமே இல்லாம செத்துப் போச்சுன்னா கொஞ்சம் ஏத்துங்க. நான் போடுற கணக்கு இது, அடுக்குல வைக்காம நேரா குக்கர்ல வைக்கிறதுக்கு:

அரை மணி ஊறின துவரம்பருப்பு ஆறு ஏழு நிமிஷம், ஊறாட்டி பத்து. பச்சரிசி ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, அஞ்சு நிமிஷம். புழுங்கல் ஒண்ணுக்கு மூணு, எட்டு பத்து நிமிஷம், அரிசி பழசு புதுசுன்னு கொஞ்சம் மாறும். ராத்திரி ஊறின கொண்டைக்கடலை, காஞ்ச மொச்சை இருவது நிமிஷம். இளங்கறி பதினஞ்சு, முத்தின கறி இருவத்தஞ்சு. அடுக்குல வச்சா சாமானுக்கு சூடு ஏற கொஞ்சம் நேரம் கூட, மூணு நாலு நிமிஷம் சேத்துக்கங்க, அடியில ரெண்டு டம்ளர் தண்ணியாவது இருக்கணும்.

அடுப்பை அமத்தினப்புறம் தானா அடங்குற பத்து நிமிஷமும் வேகுற நேரம் தான். வெயிட்டை கரண்டியால தூக்கி புஸ்ஸுனு விட்டுட்டு பருப்பு வேகலன்னு எழுதாதீங்க. ஃபிரிட்ஜ்ல ஒட்டணும்னா இதை ஒட்டிக்கங்க.

பள்ளத்தூர் வாசகர் (ஆமா, ஆம்பளை தான் சமைக்கிறேன்னு எழுதியிருக்காரு, சந்தோஷம்): பருப்பு வைக்கிறப்ப எல்லாம் வெயிட் வழியா மஞ்சத்தண்ணி பீச்சி அடுப்பு, செவுரு, சீலிங் வரைக்கும் போகுது ஆச்சி. குக்கர் புதுசு தான். கடையில கேட்டா எல்லாம் அப்படித்தான்னு சொல்றாங்க.

பதில்: எல்லாம் அப்படி இல்ல தம்பி. பருப்பு கொதிக்கிறப்ப அதுலேர்ந்து புரதமும் மாவும் கரைஞ்சு நொரையா எழும்பும், அந்த நொரை மூடியைத் தொட்டா ஆவி போற குழாய்லதான் வழி தேடும். பாதிக்கு மேல ரொப்பியிருப்பீங்க, தீ பெருசா விட்டிருப்பீங்க, ரெண்டும் சேந்தா செவுரு மஞ்சள் தான். பருப்பை நாலு தண்ணி கழுவி, ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு, பாதிக்குக் கீழ இருக்குற மாதிரி வச்சு, ஒரு ஸ்பூன் வெளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ விடுங்க, எண்ணெய் நொரையை உடைக்கும். இல்லாட்டி அடுக்குல வச்சு வேக விடுங்க, அடுக்குல பொங்குனாலும் குக்கருக்குள்ளயே நிக்கும், வெளிய வராது.

செவுரைத் தொடைக்கிறது பெரிய வேலை இல்ல. பயம் என்னன்னா அந்த நொரையோட ஒரு பருப்புத் தோல் போயி குழாய்ல உக்காந்து காஞ்சிருச்சுன்னா அடுத்த தடவை வெயிட் தூக்காது. அதனால பொங்குன அன்னைக்கு மூடியைக் கழுவுறப்ப குழாய் வழியா வெளிச்சத்தைப் பாருங்க. ஓட்டை தெரியணும். தெரியாட்டி ஊசியோ மெல்லிசு கம்பியோ விட்டு குத்தி, தண்ணி விட்டு ஊதிப் பாருங்க. வெளிமூடி குக்கர்னா வெயிட் போடாம மூடி வச்சு, குழாய்ல ஆவி சீரா நேரா வர்றதைப் பாத்துட்டு அப்புறம் வெயிட் போடுங்க, அடைப்பு இல்லைன்னு தெரிஞ்சிரும், உள்ள இருக்கிற காத்தும் வெளிய போயிரும்.

பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. அது குக்கர் குத்தம் இல்ல, போர்த் தண்ணி. உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியம் பருப்பு செல்லை ஒட்டி வச்சிருக்கிற பெக்டினைப் போயி கெட்டியாக்கிரும், நாள் பூரா வச்சாலும் குழையாது. குடிக்கிற தண்ணியில வேக வைங்க. காரைக்குடியில சம்பை ஊத்துத் தண்ணிக்கு இருக்கிற பேரு சும்மா வந்தது இல்ல. புளி, தக்காளியும் பருப்பு வெந்தப்புறம் தான், முன்னாடி போட்டா அதுவும் வேக விடாது. சோடா உப்பு போட்டா சீக்கிரம் குழையும், ஆனா தயமின் சத்து போயிரும், ருசியும் சோப்புத் தண்ணி மாதிரி வரும், வேணாம்.

தேவகோட்டை வாசகி: எங்க அப்பத்தா வெறகு அடுப்புல வைக்கிற நாட்டுக்கோழி கொழம்பு வாசம் முகப்பு வரைக்கும் வரும். நான் அதே மசாலா, அதே அளவு, குக்கர்ல வச்சா கறி வேகுது, வாசம் இல்ல. சப்புன்னு இருக்கு. என் வீட்டுக்காரக வேற ஆயா வச்ச கொழம்பு ஆயா வச்ச கொழம்புன்னு பொலம்புறாக.

பதில்: வாசம் எங்கயும் போகல, விசிலோட வெளிய போச்சு. குக்கர் வைக்கிறப்ப பக்கத்து வீடு வரைக்கும் மணக்குதுன்னா அது கொழம்புல இல்லைன்னு அர்த்தம். பட்டை, சோம்பு, கல்பாசி, மிளகு இதோட மணம் எல்லாம் ஆவியில பறக்குற எண்ணெய், நீங்க வறுத்து அரைச்ச மசாலாவை மொதல்லயே கொட்டி மூடி வச்சு பத்து விசில் விட்டா பத்து தடவை அதை ஊதித் தள்ளுறீங்க.

கறியை மட்டும் குக்கர்ல விடுங்க. நல்லெண்ணெயில சின்ன வெங்காயம், பூண்டு, ரெண்டு வரமிளகாய் வதக்கி, கோழியைப் போட்டு மஞ்சத்தூள், உப்பு சேத்து தண்ணி வத்துற வரைக்கும் பெரட்டணும். இந்தப் பெரட்டல் முக்கியம், குக்கர்ல மூடினப்புறம் எதுவும் செவக்காது, ஆவியில வேகுற சாமானுக்கு நெறம் ஏறாது. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி தான். குக்கர்ல தண்ணி சுண்டாது, சட்டியில ஊத்துற அளவு ஊத்தினா கொழம்பு கழனித்தண்ணி ஆயிரும், அதுதான் சப்புன்னு இருக்கு. மொத விசில் வந்து சிம்ல பத்து நிமிஷம், கோழி முத்தலுன்னா பதினஞ்சு. பிரஷர் தானா அடங்கட்டும். தெறந்து, இப்போ அரைச்ச மசாலா, தேங்காய் விழுது போட்டு மூடி இல்லாம எண்ணெய் மேல வந்து நிக்கிற வரைக்கும் கொதிக்க விடுங்க. கடைசியா ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை, தட்டின மிளகு. வெறகு அடுப்பு வாசம் வராது, அது பொகை, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மத்தது வரும்.

உங்களை மாதிரியே ஆட்டுக்கால் சூப் கேட்டவங்களுக்கும்: அதுல குக்கரை அடிச்சுக்க ஆளே இல்ல. 1679ல டெனிஸ் பாபின்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் இங்கிலாந்துல மொதமொதல்ல இந்த மாதிரி ஒரு பாத்திரம் செஞ்சதே எலும்பை மெதுவாக்கத்தான், ஆவி ஏறி வெடிச்சிரக் கூடாதுன்னு மேல ஒரு எடை வச்ச வால்வையும் அவரே வச்சாரு, நாம இன்னைக்கு வெயிட்டுன்னு சொல்றதோட மூத்த தலைமுறை அது. காலை நல்லா தீயில வாட்டி சுரண்டி, தட்டின இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகு சீரகம் போட்டு சிம்ல நாப்பது நாப்பத்தஞ்சு நிமிஷம். ஆறினப்புறம் சூப் கட்டியா உறைஞ்சா பயந்து கொட்டிராதீங்க, எலும்புலயும் தசைநார்லயும் இருந்த கொலாஜன் ஜெலட்டினா மாறியிருக்கு, அதுக்குத்தான் இவ்ளோ நேரம் வச்சதே.

கானாடுகாத்தான் வாசகி: கவுனி அரிசி இனிப்பு குக்கர்ல சரியா வரல. ஒண்ணு நடுவுல வெரைவெரையா நிக்குது, இல்லாட்டி கஞ்சி. வீட்டுல விசேஷம் வருது.

பதில்: கவுனி பர்மாவுலேர்ந்து நம்ம ஆளுக கொண்டாந்ததுன்னு சொல்லுவாங்க, எங்கேர்ந்து வந்துச்சோ, அவசரப்படுறவங்களுக்கு வேகாது. தவிடு எடுக்காத அரிசி, மேல்தோல் தண்ணியை லேசுல உள்ள விடாது. ராத்திரி பூரா ஊறணும், இதுல குறுக்கு வழி இல்ல. ஊறப் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு தண்ணி கழுவிருங்க, ஏன்னா ஊறின தண்ணியைக் கொட்டக்கூடாது, அந்த ஊதா நெறம் பூரா அதுல தான் இருக்கு, அதுலயே வேக வைக்கணும். ஒரு டம்ளர் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி, ஊறின தண்ணியையும் அதுல சேத்து. மொத விசிலுக்கு அப்புறம் சிம்ல இருவத்தஞ்சுலேர்ந்து முப்பது நிமிஷம், தானா அடங்கட்டும்.

தெறந்ததும் ஒரு அரிசியை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கிப் பாருங்க. நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு நின்னா இன்னும் வேகல, கால் டம்ளர் சுடுதண்ணி விட்டு திரும்ப ஏழெட்டு நிமிஷம். முழுசா நசுங்குனா சூட்டோட சூடா கரண்டியால மசிச்சு, அப்புறம் தான் சீனி. சீனியை முன்னாடியே போட்டா அரிசி அப்படியே வெறைச்சுக்கும், உங்களுக்கு வெரைவெரையா நின்னது அதனாலயா இருக்கலாம். தேங்காப்பூ, ஏலக்காய், நெய் தாராளமா. சீனி போட்டதும் எளகும், பதறி திரும்ப அடுப்புல வைக்காதீங்க, ஆறினா இறுகிரும்.

விசேஷத்துக்குன்னா எத்தனை பேருக்குன்னு எழுதல. அம்பது பேருக்கு மேலன்னா குக்கரை விட்டுட்டு அண்டா வைக்கச் சொல்லுங்க, வளவுல ஆளு இருக்கும்.

காரைக்குடி வாசகி: மூடியில இருக்கிற சேஃப்டி வால்வு திடீர்னு பொத்துக்கிட்டு ஆவி அடிச்சிருச்சு, நல்ல வேளை நான் பக்கத்துல இல்ல. பக்கத்துக் கடையில அம்பது ரூவாய்க்கு ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க, ஒரிஜினல் மாதிரியே தான் இருக்குன்னு சொன்னாங்க. இப்போ குக்கர் பக்கத்துல போகவே நடுங்குது. வெடிச்சிருமா ஆச்சி?

பதில்: உங்க குக்கர் வெடிக்கல தாயி, வெடிக்காம இருக்கத்தான் அது பொத்துக்கிச்சு. அந்த வால்வுக்குள்ள ஒரு குறிப்பிட்ட சூட்டுல உருகுற உலோகக் கலவை இருக்கு. வெயிட் வழியா ஆவி போக முடியாம அடைச்சாலோ, உள்ள தண்ணி வத்தி குக்கர் வறண்டாலோ சூடு எகிறும், அப்போ அது உருகி ஆவிக்கு வழி விடும். பிரெஸ்டீஜ்ல மூடியோட விளிம்புல ஒரு நீளமான ஓட்டை பாத்திருப்பீங்க, அது வழியா ரப்பர் பிதுங்கி ஆவியைக் கீழ்ப்பக்கம் விடும், அதுவும் இதே வேலை தான்.

ஆனா அந்த அம்பது ரூவாய் வால்வைக் கழட்டுங்க, இன்னைக்கே. ஒவ்வொரு கம்பெனி குக்கருக்கும் உருகுற சூடு, மரை, நீளம் எல்லாம் வேற. ஒரிஜினல் மாதிரியே இருக்குன்னா ஒரிஜினல் இல்லைன்னு தான் அர்த்தம், அது எந்தச் சூட்டுல உருகும்னு அதைப் போட்டவங்களுக்கும் தெரியாது. உங்க குக்கரோட கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மாடல் பேரைச் சொல்லி வாங்குங்க. வெயிட்டும் அப்படித்தான், பக்கத்து வீட்டு குக்கர் வெயிட் நம்மளுதுல உக்காருதுன்னு போடக்கூடாது, எடை கொஞ்சம் கூடினா உள்ள அழுத்தமும் கூடிரும். உருகின வால்வுக்கு ஈயம் பத்த வைக்கிறது, எம்சீல் அடைக்கிறது, ஆணி அடிக்கிறது எல்லாம் பாத்திருக்கேன். அப்படி அடைச்ச குக்கர் வெடிகுண்டு தான், வேற வார்த்தை இல்ல.

புது வால்வு போட்டா மட்டும் பத்தாது, பழசு ஏன் உருகுச்சுன்னு பாக்கணும். அன்னைக்கு அடியில தண்ணி இருந்துச்சா? குழாய்ல வெளிச்சம் தெரியுதா? கீரை, புளித்தோல், தக்காளித்தோல் எதாச்சும் சிக்கியிருந்துச்சா? இதுல ஒண்ணு தான் இருக்கும்.

குக்கரால அடிபடுறது நெறைய நேரம் வெடிச்சு இல்ல, தெறக்குறப்ப தான். உள்ள பிரஷர் இருக்கும்போது கைப்பிடியை ரெண்டு கையால இழுத்து, கரண்டி விட்டு நெம்பி, அப்படி. வெயிட்டை லேசா தூக்கிப் பாருங்க, புஸ்ஸுன்னு சத்தமே வரக்கூடாது, அப்புறம் மூடியில கை வைங்க. பருப்பு, கஞ்சி, கூழ் மாதிரி சாமான் உள்ள இருந்தா தானா அடங்காம வெயிட்டைத் தொடவே தொடாதீங்க, கொதிக்கிற பருப்பு பீச்சி அடிக்கும். அப்புறம் குக்கர்ல எண்ணெய் நெறைய ஊத்தி மூடி வச்சு பொரிக்கிற வேலை, தண்ணி இல்லாம கேக் சுடுற வேலை ரெண்டும் வேணாம். வீடியோவுல நல்லா வரும், வால்வும் ரப்பரும் அதுக்கு செஞ்சது இல்ல.

நடுக்கம் போகணும்னா வெறும் தண்ணி மட்டும் ரெண்டு டம்ளர் ஊத்தி வச்சுப் பாருங்க. விசில் வரும், அடங்கும், தெறக்கும். ரெண்டு நாள் அப்படி வச்சா கை பழகிரும்.

கீழச்சீவல்பட்டி வாசகி: மூடி சைடுல ஆவி வருது, விசிலே வர மாட்டேங்குது. கோதுமை மாவு பெசஞ்சு சுத்தி ஒட்டினா வருது. தப்பா?

பதில்: தப்பு. ரப்பர் போயிருச்சு. மொதல்ல ரப்பரையும் விளிம்பையும் காஞ்ச பருப்பு இல்லாம கழுவிப் பாருங்க, அதுலயே சரியாகலாம். எளகிப் போன ரப்பரை கொஞ்ச நேரம் ஃப்ரீசர்ல வச்சா சுருங்கி அன்னைக்கு ஒரு வேளைக்கு வேலை செய்யும், அதுக்குள்ள புதுசு வாங்கிருங்க. தினமும் வைக்கிற குக்கர்னா வருஷத்துக்கு ஒரு ரப்பர்னு மனசுல வச்சுக்கங்க. கழுவினதும் ரப்பரைக் கழட்டி ஆணியில மாட்டுங்க, மூடியிலயே விட்டா சீக்கிரம் வெறைக்கும். மாவு அந்த விளிம்பு ஓட்டையையும் சேத்து அடைச்சா என்ன ஆகும்னு மேல காரைக்குடி வாசகிக்கு எழுதினதைப் படிங்க.

ராயவரத்துலேர்ந்து கொடைக்கானலுக்கு மாத்தலாகிப் போன வாசகர்: ஊர்ல வச்ச அதே நேரம் வச்சாலும் இங்க கறி வேக மாட்டேங்குது. குளிரா?

பதில்: குளிர் இல்ல, உசரம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உசரத்துல இருக்கு, அங்க தெறந்த சட்டியில தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும். வெயிட் வெளிக்காத்தை விட ஒரு கிலோ கூட அழுத்தத்துல தூக்குது, வெளிக்காத்தே அங்க கம்மி, அதனால குக்கருக்குள்ளயும் சூடு கொஞ்சம் கம்மி தான். நேரத்துல கால் பங்கு கூட்டிக்கங்க, இருவது நிமிஷம்னா இருவத்தஞ்சு. குக்கர் இல்லாம அங்க கொண்டைக்கடலை வேக வைக்கிறது பெரிய பாடு.

நாச்சியாபுரம் வாசகி: அலுமினிய குக்கர் உள்ள கருத்துப் போச்சு. அதுல சாப்பிட்டா ஞாபக மறதி வியாதி வரும்னு மருமகள் சொல்றா. குக்கர் சோறு சாப்பிட்டா சுகர் ஏறும்னு மகன் சொல்றான். நான் என்னதான் பண்றது?

பதில்: கருப்பு, தண்ணியில இருக்கிற உப்பும் காரமும் அலுமினியத்து மேல படியுறது, கெடுதல் ஒண்ணும் இல்ல. அடுக்கு வைக்கிறப்ப அடித்தண்ணியில பிழிஞ்ச எலுமிச்சந்தோல் ஒண்ணோ, கோலி அளவு புளியோ போட்டுருங்க, கருக்காது. இருக்கிற கருப்புக்கும் அதையே போட்டு கொதிக்க விட்டா போயிரும்.

அலுமினியத்தால மறதி வியாதி வருதுன்னு நிரூபணம் ஆகல. ஆனா புளி, தக்காளி, எலுமிச்சை போட்ட சமையல் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும்ங்கறது நெசம், அதனால கொழம்பை அதுலயே வச்சு ராத்திரி பூரா விடாதீங்க, எவர்சில்வர்லயோ சட்டியிலயோ மாத்திருங்க. மருமகளுக்கு அப்பவும் மனசு ஆறலைன்னா ஒரு எவர்சில்வர் குக்கர் வாங்கிருங்க, வீட்டுல சமாதானம் முக்கியம்.

சோத்துக்கு வர்றேன். வடிச்சா கஞ்சியோட கொஞ்சம் மாவு போகும், கூடவே தண்ணியில கரையிற பி விட்டமினும் போகும். வடிச்சதா குக்கரான்னு பாக்குறதை விட தட்டுல எத்தனை கரண்டி விழுதுன்னு பாக்கச் சொல்லுங்க மகனை. வடிச்ச சோறுன்னு பேரைச் சொல்லி மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டா சுகர் அதைக் கண்டுக்காது.

ஊர் போடாத ஒருத்தர்: குக்கர் ஆறி ஜில்லுன்னு ஆயிருச்சு, மூடி தெறக்கல. உள்ள சாம்பார் மாட்டிக்கிச்சு. அவசரம்.

பதில்: இது அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள சாம்பார் ஊசிப் போயிருக்கும். ஆவி குளுந்து தண்ணியானா உள்ள காத்து இல்லாம வெற்றிடமாகி மூடியை இழுத்துப் புடிச்சுக்கும். வெயிட்டை எடுத்துருங்க, காத்து உள்ள போகும், தெறக்கும். அப்பவும் ரப்பர் ஒட்டிக்கிட்டு இருந்தா வெயிட் இல்லாமலே சிம்ல ரெண்டு நிமிஷம் சூடு காட்டுங்க. நெம்பாதீங்க.